காய்ச்சல் வீட்டில் ஒரு சட்டி தயிர்

கடந்த மழைக்காலத்தில் அக்காவின் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. எங்கள் வீடு பேராதனைக்கு அருகில். "தயிர் குளிர்ச்சி, கொடுக்கக் கூடாது" என்றார் அம்மா. "நோய் எதிர்ப்புச் சக்தி கூடும், கொடுப்போம்" என்றார் அக்கா. இந்த வாக்குவாதத்திலேயே இரண்டு நாட்கள் போய்விட்டன. மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை செய்த பிறகுதான் டெங்கு என்று தெரிந்தது. பிள்ளை தேறி வீடு வந்த பிறகும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. தயிரில் உள்ள பக்டீரியாவுக்கும் வைரசுக்கும் உண்மையில் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. வைரஸ் உடலுக்குள் நுழைந்ததும் சில கலங்கள் 'இன்டர்பெரோன்' என்ற புரதத்தை வெளியிடுகின்றன. 1957ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட இது, பக்கத்துக் கலங்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதைப் பெற்ற கலங்கள் வைரஸ் பெருகுவதைத் தடுக்கத் தயாராகின்றன. இன்டர்பெரோனை மிக அதிகமாகச் சுரப்பவை 'பிளாஸ்மசைட்டொயிட் டென்ட்ரிட்டிக்' கலங்கள்.

பாலைப் புளிக்க வைக்கும் 'லக்டோகொக்கஸ் லக்டிஸ்' பக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட வகை இந்தக் கலங்களைத் தூண்டுவதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் அறிவித்தார்கள். கலம் பக்டீரியாவை விழுங்கி, அதன் டி.என்.ஏ.யை அடையாளம் கண்டு, இன்டர்பெரோனைச் சுரக்கிறது. வெப்பத்தால் கொல்லப்பட்ட பக்டீரியாவும் இதே வேலையைச் செய்கிறது.

2021இல் வெளியான மலேசிய ஆய்வு ஒன்றில், இந்த வகையை உட்கொண்டவர்களுக்குக் காய்ச்சல், தசைவலி, மூட்டுவலி, கண்ணுக்குப் பின்னால் வலி போன்ற டெங்கு சாயலுள்ள அறிகுறிகள் இருந்த நாட்கள் குறைந்தன. ஆனால் அவர்கள் நோய் வருவதற்கு முன்பிருந்தே அதை உட்கொண்டு வந்த ஆரோக்கியமானவர்கள். அது டெங்கு நோயாளிகளுக்குக் கொடுத்த சிகிச்சை அல்ல. ஆய்வில் அந்த பக்டீரியாவை விற்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் பங்கேற்றிருந்தார்கள்.

கண்டிச் சந்தையில் சட்டியில் வாங்கும் எருமைத் தயிருக்கோ வீட்டில் உறை ஊற்றும் தயிருக்கோ இந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. உறைக்கு உறை பக்டீரியாக் கூட்டம் மாறும். ஒரு வகைக்கு உள்ள குணம் அதன் நெருங்கிய உறவு வகைக்குக்கூட இல்லாமல் போகலாம். அதோடு டெங்கு வைரசும் சும்மா இருப்பதில்லை. இன்டர்பெரோனின் எச்சரிக்கை கலத்துக்குள் போய்ச் சேர உதவும் புரதத்தையே அது அழித்துவிடுகிறது.

2017இல் மட்டும் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். இந்த நோயில் காய்ச்சல் இறங்கும் வேளைதான் ஆபத்தானது. இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். "காய்ச்சல் விட்டுவிட்டது, தயிர் வேலை செய்கிறது" என்று வீட்டில் இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆகவே காய்ச்சல் மூன்றாம் நாளை எட்டுவதற்குள் வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும் போதும். அஸ்பிரின், இபுபுரோபன் வேண்டாம். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக் கசிவு, சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

தயிர் நல்ல உணவு. எங்கள் வீட்டில் இப்போதும் சட்டி காலியாவதில்லை. ஆனால் காய்ச்சல் என்றால் தயிர் கொடுப்பதா வேண்டாமா என்று யாரும் வாதாடுவதில்லை. முதலில் நாட்களை எண்ணுகிறோம்.