வாய்க்குள் ஓர் அடையாள அட்டை

பள்ளிக்குப் பல் மருத்துவக் குழு வரும்போது கவனித்திருக்கிறீர்களா? ஒருவர் உங்கள் வாயைப் பார்த்து எண்களைச் சொல்லிக்கொண்டே போவார், மற்றவர் குறித்துக்கொள்வார். நமக்கோ எப்போது நாற்காலியைவிட்டு இறங்கலாம் என்ற நினைப்புதான். அந்தக் குறிப்புக்கு இன்னொரு வேலையும் வரக்கூடும்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி தாய்லாந்தின் மேற்குக் கரையைத் தாக்கியது. அங்கு மட்டும் 5,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் ஏராளமானோர் வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகள். வெயிலில் சில நாள்களிலேயே முகத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியாத நிலை. பல நாடுகளிலிருந்து விரைந்து சென்ற குழுக்களில் பல் மருத்துவர்களும் இருந்தனர்.

மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் பல்லின் மேலுறையான எனாமல். தசை அழிந்த பின்னும் பற்கள் மிஞ்சும். அடைத்த பல், பிடுங்கிய பல், கோணலாக முளைத்த பல் என ஒவ்வொருவர் வாயும் ஒவ்வொரு விதம். அதனால்தான் கைரேகை, மரபணு ஆகியவற்றோடு பல்லையும் முதன்மை அடையாளமாக இன்டர்போல் ஏற்கிறது.

இறந்தவரின் பல் விவரங்களை நிபுணர்கள் இளஞ்சிவப்புப் படிவத்தில் பதிவார்கள். காணாமற்போனவரின் விவரங்கள் மஞ்சள் படிவத்தில் இருக்கும். இரண்டும் பொருந்தினால் அந்த உடலுக்குப் பெயர் கிடைக்கும். ஆனால் மஞ்சள் படிவம், எங்கோ ஓர் ஊரில் சாதாரணப் பல் மருத்துவர் எப்போதோ எழுதிய அட்டையை நம்பியிருக்கிறது.

சிக்கல் அங்கேதான். உலகின் பல நாடுகளில் 16 என்றால் மேல் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல். அமெரிக்க முறையிலோ அதே எண் மேல் இடப்பக்க ஞானப்பல்! எந்த முறை என்று எழுதாவிட்டால்? 'பல் அடைக்கப்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தால்? தாய்லாந்தில் தொடக்க மாதங்களில் அடையாளம் காணப்பட்டோரில் பெரும்பாலோருக்குப் பற்களே கைகொடுத்தன. பல் பதிவுகள் குறைவாக இருந்த உள்ளூர் மக்களுக்கு அந்த வழி அவ்வளவாக உதவவில்லை.

பேரிடர்க் களத்தில் பணியாற்றத் தடயவியல் பல் மருத்துவத்தில் தனிப் பயிற்சி வேண்டும். எல்லாப் பல் மருத்துவரும் அந்த நிபுணராக வேண்டியதில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒருவரின் அட்டையைக் கொடுத்து, "இவருடைய வாயை வரைந்து காட்டுங்கள்" என்று பல் மருத்துவ மாணவர்களிடம் கேட்கலாம். தெளிவாக எழுதாத அட்டையின் குறை அப்போதே புரிந்துவிடும்.

ஒரு பல்கூடச் சொத்தையாகாத மாணவருக்கு அட்டையில் எழுத அதிகம் இருக்காதுதான். அவருக்கு உதவுவது எக்ஸ்ரே படத்தில் தெரியும் பல் வேர்களின் வடிவம்.