மூன்று நாள் பினாங்கு: புதுமணத் தம்பதியருக்கு ஒரு வாத்தியாரின் யோசனை

நம் தோட்டங்களில் ஒரு கல்யாணம் முடிந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மறுவீடு, பெரியப்பா வீட்டு விருந்து, தாய்மாமன் வீட்டு விருந்து, அக்கம்பக்கத்து விருந்து. பத்தாம் நாள் மாப்பிள்ளை வேலைக்காட்டுக்குப் போய்விடுவார். லயத்து வீட்டில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி, தங்கைகள் படுத்திருப்பார்கள். புதுப்பெண் வாய்திறந்து நாலு வார்த்தை பேசுவது எப்போது?

அதனால்தான் சொல்கிறேன். மொய்ப் பணத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்து வையுங்கள். பிள்ளைகள் இருவரையும் மூன்று நாள் வெளியூர் அனுப்பி வையுங்கள். தேன்நிலவு என்றதும் சினிமாவில் வரும் வெளிநாட்டுப் பயணம் என்று நினைக்க வேண்டாம். பினாங்கு போதும். கடல், மலை, கோயில், கடைத்தெரு எல்லாம் ஒரே ஊரில் இருக்கின்றன. கடப்பிதழ் வேண்டாம், கடனும் வேண்டாம்.

நான் செய்த தவறு

2006 ஆம் ஆண்டு எனக்குத் திருமணம் நடந்தது. நானும் என் மனைவியும் பினாங்குதான் போனோம். பள்ளியில் பாடத்திட்டம் எழுதிப் பழகிய கை அல்லவா? ஒரு பயிற்சிப் புத்தகத்தில் கோடு போட்டு, இரண்டு நாளில் பதினோரு இடங்கள் என்று நேரத்தோடு எழுதிக்கொண்டேன். காலை எட்டு மணிக்கு இது, ஒன்பதரைக்கு அது என்று அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

இரண்டாம் நாள் மதியம் ஒரு கோயில் படியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். “நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. நான் இங்கேயே இருக்கேன்,” என்றாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்து நானும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தனியாகப் போனேன். திரும்பி வந்த பிறகுதான் பார்த்தேன். புதுச் செருப்பு கடித்துக் குதிகாலில் தோல் உரிந்திருந்தது. காலையிலிருந்தே வலி. புதுப் புருஷனிடம் சொல்லக் கூச்சம்.

போகும்போது இரவுப் பேருந்தில் பாலத்தைக் கடந்திருந்தோம். அவள் அப்போது தூங்கிவிட்டாள். திரும்பும்போதுதான் ஃபெரியில் ஏறினோம். கம்பியைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். “எந்த இடம் பிடித்தது?” என்று கேட்டேன். “இதுதான்,” என்றாள். உட்பகுதித் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கடலோரத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. என் பதினோரு இடங்களில் அது இல்லை. நான் கேட்கவும் இல்லை.

அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். இடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். உட்காரும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: கடல்

கோலாலம்பூர், ஈப்போ பக்கமிருந்து மின்ரயில் பட்டர்வொர்த் வரை வருகிறது. அங்கிருந்து நடந்தே ஃபெரித் துறைக்குப் போய்விடலாம். கார்களையும் ஏற்றிச் சென்ற அந்தப் பழைய பெரிய ஃபெரிகள் ஓய்வு பெற்றுவிட்டன. 2023 முதல் புதிய ஃபெரிகள் ஓடுகின்றன. கடலைக் கடக்கக் கால் மணி நேரம் போதும். முதல் முறை போகிறவர்கள் பாலத்தில் போகாமல் ஃபெரியில்தான் போகவேண்டும்.

அறையை ஜோர்ஜ்டவுன் நகருக்குள்ளேயே எடுங்கள். பினாங்கில் சித்தப்பா வீடு இருக்கிறதே என்று அங்கே தங்கப் போனால் அது இன்னொரு விருந்தாகிவிடும். ஒரு வேளை சாப்பிட்டு, ஆசி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

மாலையில் பாடாங் கோத்தா லாமா கடற்கரைக்குப் போங்கள். பக்கத்தில்தான் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786 இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய இடம் அது. கோட்டையைப் பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி. கடற்சுவர் ஓரமாக உட்காருங்கள். அன்றைக்கு அதுவே போதும்.

இரண்டாம் நாள்: மலை

காலையிலேயே கொடிமலைக்குக் கிளம்புங்கள். வெயில் ஏறினால் வரிசை நீளும். பள்ளி விடுமுறையில் கேட்கவே வேண்டாம். 1923 இல் ஓடத் தொடங்கிய மலைரயில் இது. நாங்கள் போனபோது பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறினோம். 2011 முதல் புதிய ரயில் மாறாமல் நேரே ஏறுகிறது. சில நிமிடங்களில் மேலே போய்விடலாம். மலையின் மிக உயர்ந்த முனை 833 மீட்டர். மேலே ஒரு முருகன் கோயிலும் அதன் அருகே ஒரு பள்ளிவாசலும் இருக்கின்றன. மேகம் விலகினால் நகரமும் கடலும் பாலமும் ஒன்றாய்த் தெரியும். விலகாவிட்டால் காத்திருங்கள். பேசிக்கொண்டிருக்க அதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

இறங்கி வந்தால் ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி புத்தர் கோயில். 1930 இல் முடிந்த அதன் ஏழு நிலைக் கோபுரத்தைக் கீழிருந்து நிமிர்ந்து பாருங்கள். அடிப்பகுதி சீன பாணி, நடுப்பகுதி தாய்லாந்து பாணி, உச்சி பர்மிய பாணி. மூன்று நாட்டுக் கலை ஒரே கோபுரத்தில் சண்டையில்லாமல் நிற்கிறது. படிகள் அதிகம். கால் வலித்தால் பாதியோடு திரும்புங்கள், அவமானம் ஒன்றுமில்லை.

மதியத்துக்கு மேல் அறையில் ஓய்வு. சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் தூங்குவதா என்று கேட்காதீர்கள். விடியுமுன் எழுந்து பால்வெட்டப் போகும் உடம்புக்கு ஒரு மதியத் தூக்கமும் தேன்நிலவுதான்.

மூன்றாம் நாள்: தெருக்கள்

குயின் தெரு மகா மாரியம்மன் ஆலயத்தில் தொடங்குங்கள். 1833 இல் எழுந்த கோயில். அங்கிருந்து நடக்கும் தூரத்திலேயே சீனர்களின் குவான் யின் கோயில், 1818 இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், தென்னிந்திய முஸ்லிம்கள் 1801 இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 2008 இல் ஜோர்ஜ்டவுன் உலக மரபுச் சின்னமானது. இந்தத் தெருக்களில் நடந்தால் காரணம் தானாகப் புரியும். துறைமுகத்தில் மூட்டை சுமந்த, வீதியில் கடை வைத்த நம் முன்னோர்களும் இந்த ஊரை உருவாக்கியவர்கள்தாம்.

நடக்கத் தெம்பிருந்தால் தண்ணீர்மலை முருகனைத் தரிசிக்கலாம். 513 படிகள். இல்லையென்றால் மலையடிவாரத் தாவரவியல் பூங்காவில் மர நிழல் இருக்கிறது.

லிட்டில் இந்தியாவில் பசியாறிவிட்டு, வீட்டுக்கு ஜாதிக்காய் ஊறல் இரண்டு பொட்டலம் வாங்குங்கள். லயம் முழுவதற்கும் வாங்கப் புறப்பட்டால் திரும்பும் டிக்கெட்டுக்குக் காசிருக்காது.

இரண்டு வார்த்தை

மாமியார்மார்களே, “போய்ட்டு வாங்கம்மா” என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரட்டும். மருமகள் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள்.

மாப்பிள்ளைத் தம்பி, கையிலுள்ள வெள்ளியில் பாதியை மனைவியிடம் கொடுத்து வை. பழகிய செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொல். பிறகு வாத்தியார் தரும் வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று. தினமும் காலையில் முதல் வேலையாக, “இன்றைக்கு உனக்கு எங்கே போக ஆசை?” என்று கேள். முதல் நாள் “உங்க இஷ்டம்” என்பாள். இரண்டாம் நாளும் அப்படியே சொல்லலாம். மூன்றாம் நாளும் கேள்.

எனக்கு அந்தக் கேள்வியைக் கற்றுக்கொள்ள ஒரு கல்யாணப் பயணமே வீணானது. இப்போது பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு பினாங்கு போனால், முதலில் பாடாங் கோத்தா கடற்சுவரில்தான் போய் உட்காருகிறோம். நேரத்தை நான் பார்ப்பதில்லை. எப்போது எழுந்திருப்பது என்பதை என் மனைவிதான் முடிவு செய்கிறாள்.