இடுப்பில் சர்க்கரைப் பொட்டலம். 42 கிலோ மீட்டர் ஓட்டம்!

தள்ளாடினால் "தண்ணி" என்று நினைக்காதீர்கள்

சென்னை மெரினா கடற்கரைச் சாலையிலும், அடையாறு, பெசன்ட் நகர் பகுதிகளிலும் விடியற்காலையில் ஓட்டப் பயிற்சி செய்பவர்கள் ஏராளம். பெரும்பாலோர் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு சரி. சிலர் மட்டும் இடுப்பில் ஒரு பையை இறுகக் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்.

"செல்போன் வைத்திருப்பார்" என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அவர் "டைப் 1" சர்க்கரை நோய் உள்ளவராக இருந்தால், அந்தப் பையில் இருப்பது அவருடைய உயிர்! உள்ளே சர்க்கரைப் பொட்டலம் இருக்கும்.

சர்க்கரை நோயாளிக்கு சர்க்கரையா? ஆமாம். அதன் விவரம் வருமாறு:-

ஊசிதான் கதி

நடுத்தர வயதில் வந்து மாத்திரையில் அடங்கும் சர்க்கரை வேறு; இது வேறு. சின்ன வயதிலேயேகூட வந்துவிடலாம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடும். பிறகு ஆயுள் முழுவதும் இன்சுலின் போட்டே ஆகவேண்டும்.

1922 ஜனவரியில் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் 14 வயது சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன்பு இந்த நோய் வந்த பிள்ளைகள் சீக்கிரமே இறந்துபோனார்கள்.

ஓடும்போது மற்றவர்களுக்கு இன்சுலின் சுரப்பது தானாகவே குறைந்துவிடும். ஊசியில் உள்ளே போன இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியுமா? ஒரு பக்கம் கால் தசைகள் சர்க்கரையை இழுக்கும்; இன்னொரு பக்கம் இன்சுலின் இறக்கும். அளவு 70-க்குக் கீழே போனால் ஆபத்து ஆரம்பம். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், நாக்கு குழறும், நடை தள்ளாடும். அப்புறம் வலிப்பு, மயக்கம்!

சென்னைப் புழுக்கத்தில் ஓடினால் யாருக்குத்தான் வேர்க்காது? அதனால் ஓடுபவருக்கே சில சமயம் தெரியாமல் போய்விடும்.

பையில் என்னென்ன?

முதலில் குளுகோஸ். 15 கிராம், அதாவது 3 டீஸ்பூன் வீதம் பொட்டலம். நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து தேவைப்படும். 42 கிலோ மீட்டரை 5 மணி நேரத்தில் ஓடுபவருக்குக் குறைந்தது 150 கிராம்! வழியில் வாழைப்பழம் கொடுப்பார்கள் என்று நம்பி வெறுங்கையோடு போக முடியாது.

அடுத்தது சர்க்கரை பார்க்கும் கருவி. அதற்கான ஸ்டிரிப் வேர்வை பட்டால் வீண். பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடவேண்டும். குளுகோஸ் ஒட்டிய விரலைக் குத்தினால் அளவு கூடுதலாகக் காட்டி ஆளை ஏமாற்றிவிடும். துடைக்க ஈரத்துணியும் வேண்டும்.

கையில் வில்லை ஒட்டிக்கொண்டு செல்போனில் அளவு பார்க்கும் வசதி இப்போது இருக்கிறது. ஆனால் அது சில நிமிஷம் பின்தங்கித்தான் காட்டும். ஓட்டத்தில் அந்த சில நிமிஷம் பெரிசு.

மூன்றாவது இன்சுலின் பேனா. பயன்பாட்டில் உள்ள பேனா 30 டிகிரி வரை சுமார் 4 வாரம் தாங்கும். உடம்பின் சூடே 37 டிகிரி! வயிற்றோடு ஒட்டி வைத்தால் மருந்து வீரியம் இழக்கும். ஐஸில் நேராக வைத்தால் உறைந்து கெட்டுவிடும். தண்ணீரில் நனைத்தால் குளிரும் பை இதற்கென்றே விற்கிறது.

கடைசியாக, "எனக்கு டைப் 1. மயங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள்" என்று வீட்டு நம்பருடன் ஒரு சீட்டு.

ஓடி முடித்தாலும் தொல்லை தீராது. அன்று இரவு தூக்கத்திலும் சர்க்கரை இறங்கலாம். டாக்டரிடம் கேட்டு ஊசி அளவை மாற்றிக்கொள்ளாமல் ஓட்டத்தில் இறங்கவே கூடாது.

சேப்பாக்கம் எழுந்து நின்றது

முடியாத காரியமா? இல்லை. பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் வாசிம் அக்ரமுக்கு 1997-ல் டைப் 1 வந்தது. 1999-ல் நம் சேப்பாக்கத்தில் 12 ரன் வித்தியாசத்தில் இந்தியாவை வென்ற அணியின் கேப்டன் அவர்தான். சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களே, அந்த மேட்ச்!

கடைக்காரர்கள் கவனத்துக்கு

காலையில் ஒருவர் தள்ளாடி வந்தால், "விடியறதுக்குள்ள ஏத்திக்கிட்டான்" என்று ஒதுங்கிப்போகிறவர்கள்தான் அதிகம். அந்தப் பத்து நிமிஷத்தில் உயிருக்கே ஆபத்து வரலாம்.

"சர்க்கரை வியாதியா?" என்று கேளுங்கள். விழுங்க முடிந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிஷத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-க்குப் போன் செய்யுங்கள்.

டீக்கடை டப்பாவில் 3 டீஸ்பூன் சர்க்கரை ஒரு ரூபாய் பெறாத சரக்கு. கொடுத்தால் ஓர் உயிர் மிச்சம்!