வேருக்குச் சேதி சொல்லும் நிலக்கரிச் சாறு

நெய்வேலியில் 1956-ம் ஆண்டு லிக்னைட் கார்ப்பொரேஷன் ஸ்தாபிக்கப்பட்டது. அங்கு வெட்டியெடுக்கப்படும் பழுப்பு நிலக்கரி மின்சார உற்பத்தியோடு விவசாயத்திற்கும் உபயோகப்படுவதாகும். அதன் பொடியைப் பொட்டாஷ் காரநீரில் ஊறவைத்தால், ஹியூமிக் அமிலம் கரும்பழுப்புச் சாறாகப் பிரிந்து வரும். இதுவே பொட்டாசியம் ஹியூமேட் எனப்படுவது. இதனை உரமென்று எண்ணித் தொழு எருவையும் இரசாயன உரத்தையும் குறைத்துக்கொள்வது நஷ்டத்திற்கு வழியாகும்.

இச்சாற்றில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகச் சொற்பம். எனினும் வேர் கிளைப்பதைக் காண்கிறோமே, அஃது எவ்வாறு? பயிர்களில் இயல்பாக ஊறும் ஆக்ஸின் என்னும் வளர்ச்சிப் பொருளை ஒத்த செயல் ஹியூமிக் அமிலத்திற்கு உண்டென்று ஆராய்ச்சிகளில் காணப்பட்டிருக்கிறது. ஆதலால் ஆக்ஸின் வேலை செய்யும் விதத்தை அறிதல் நலம்.

வேரின் ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய சவ்வொன்று சூழ்ந்துள்ளது. சேதியை ஏற்கும் புரதங்கள் சில அச்சவ்வில் பதிந்திருக்கின்றன. இவற்றிற்கு ஏற்பிகள் என்று பெயர். டிஎம்கே1 என்பது அவற்றுள் ஒன்று. ஆக்ஸினின் சேதி எட்டியதும், அது அருகிலுள்ள இறைப்புப் புரதத்தின்மீது பாஸ்பேட் துணுக்கொன்றை ஒட்டுகிறது. உறங்கிக் கிடந்த அப்புரதம் உடனே விழித்து, அமிலத்தை வெளியே இறைக்கிறது. அமிலம் பட்ட உயிரணுச் சுவர் நெகிழ, உள்ளிருக்கும் நீரின் அழுத்தத்தால் உயிரணு நீளுகிறது. இவ்விவரம் 2021-ல் வெளியாயிற்று.

ஆயின், உயிரணுவின் உள்ளே டிஐஆர்1 என்னும் வேறோர் ஏற்பியும் உண்டு. இஃது ஆக்ஸின் ஏற்பியென்பது 2005-ல் நிரூபணமாயிற்று. வேரில் இதன் விளைவு நேர்மாறானது. சுவரருகே அமிலம் குறைந்து, வேர் நீளுவது தடைப்படும். ஆக்ஸின் மிகுந்தால் வேர் குட்டையாவது இதனாலேயே. அளவுக்கு மிஞ்சிய சேதி பயிருக்கு உதவாது.

தண்டோராக்காரன் சேதி சொல்வானேயன்றி ஏர் பிடிக்கமாட்டான். அவ்வாறே ஹியூமேட் வேரைத் தூண்டுமேயன்றி, அவ்வேர் உண்ணவேண்டிய சத்தை அளிக்காது. ஆகவே மண் பரிசோதனைப்படி எருவும் உரமும் இட்ட பின்னரே, குறிக்கப்பட்ட அளவில் இதனை உபயோகித்தல் வேண்டும். பலன் மண்ணுக்கு மண் வேறுபடுமாதலால், முதற்பருவத்தில் நெல்லிலோ மணிலாவிலோ ஒரு பாத்தியை ஹியூமேட் இடாமல் விட்டு, மகசூலை நிறுத்து ஒப்பிட்டபின் பணம் செலவிடுவதே விவேகம். கிராம அதிகாரிகள் இதனை ஊர்க்கூட்டங்களில் எடுத்துரைத்தால் குடியானவர்களின் வீண்செலவு குறையும்.