கல்லில் நின்ற கடல்: அரியலூர்ப் புதைபடிவங்கள் கூறும் சாட்சியம்

கடல் எத்திசையில் உள்ளது என்று சேலையூரில் எவரை வினவினாலும் கிழக்கு நோக்கியே கைகாட்டுவர். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் நீலாங்கரையும் ஈஞ்சம்பாக்கமும் அலைகளின் ஓரத்தே அமைந்துள்ளன. கடலுக்கும் நிலத்துக்கும் இடையிலான அந்த எல்லை என்றும் மாறாதது என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். பூமியின் நெடிய வரலாறோ இதற்கு மாறான செய்தியைச் சொல்கிறது. தாம்பரத்தில் இரயிலேறி விழுப்புரம், விருத்தாசலம் வழியாகச் சென்று அரியலூரில் இறங்குவோர், கடற்காற்றே எட்டாத வறண்ட நிலத்தைத்தான் காண்பர். ஆயினும் அந்நிலத்தின் ஓடைக்கரைகளிலும் சுண்ணாம்புக் கல் சுரங்கங்களிலும் சிப்பிகளும் சங்குகளும் சுறாவின் பற்களும் கல்லாகிக் கிடக்கின்றன. பழங்காலக் கடற்கரை ஒன்று அங்கே தன் சாட்சியத்தை விட்டுச் சென்றுள்ளது. அச்சாட்சியம் யாது, அதனை எவ்வாறு வாசிப்பது, அது எவ்வாறு அழிகிறது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லாப் பாறையும் பேசுவதில்லை

நம் வீட்டு வாசலிலிருந்தே தொடங்குவோம். பல்லாவரம், திரிசூலம், வண்டலூர் ஆகிய இடங்களில் உள்ள குன்றுகள் சார்னோக்கைட் என்னும் கரும்பாறையால் ஆனவை. கல்கத்தாவில் அடங்கியுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையே என்பதைக் கண்ட புவியியலாளர் ஹாலண்ட், அவர் பெயரையே இதற்குச் சூட்டினார். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் தொன்மையுடைய இப்பாறை, பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. இதனை எவ்வளவு உடைத்தாலும் ஒரு சிப்பியின் சுவடும் கிடைக்காது. உயிரினத்தின் உடல் நிலைத்திருக்கக்கூடிய சூழலில் பிறந்த பாறை அன்று இது.

புதைபடிவம் தோன்றுவதற்கு வண்டலே தாயாகும். கடலடியில் இறந்த ஓர் உயிரினத்தை மணலோ களிமண்ணோ விரைந்து மூடிவிட வேண்டும். மென்மையான தசை அழுகிப்போகும். ஓடு, எலும்பு, பல் முதலிய கடின உறுப்புகள் எஞ்சும். மேலே வண்டல் அடுக்கடுக்காகப் படிய, கீழே உள்ளது இறுகிக் கல்லாகும். ஊடுருவும் நீரில் கரைந்துள்ள தாதுப் பொருள்கள் ஓட்டின் நுண்துளைகளை நிரப்பும். சில வேளைகளில் ஓட்டுப் பொருளையே சிறிது சிறிதாக அகற்றிவிட்டு அதன் இடத்தில் அமரும். வேறு சில வேளைகளில் ஓடு முற்றிலும் கரைந்து, அதன் வடிவில் வெற்றிடம் மட்டுமே கல்லுக்குள் நிற்கும். அவ்வெற்றிடம் பின்னர் நிரம்பினால் அச்சில் வார்த்த உருவம் போன்ற ஒரு கல் கிடைக்கும்.

இன்றைய அரபுமொழியில் புதைபடிவத்துக்கு வழங்கும் சொற்களுள் ஒன்று ‘உஹ்ஃபூரா’ என்பதாகும். தோண்டுதல் என்னும் பொருளுடைய ‘ஹஃபர’ என்ற வினையடியிலிருந்து பிறந்தது அது. ஐரோப்பியர் வழங்கும் ‘ஃபாசில்’ என்ற சொல்லின் இலத்தீன் மூலமும் தோண்டி எடுக்கப்பட்டது என்றே பொருள்படும். தமிழின் ‘புதைபடிவம்’ புதைந்ததைச் சுட்ட, ஏனைய இரண்டும் வெளிப்பட்டதைச் சுட்டுகின்றன. புதைவும் வெளிப்பாடும் ஆகிய இரண்டும் கூடினால்தான் நமக்குச் செய்தி கிடைக்கிறது.

நம் பகுதிக்கு அண்மையில் இத்தகைய வண்டற் படிவுகளைத் தேடுவோர் திருப்பெரும்புதூர் வட்டாரத்தைக் குறிப்பிடுவர். அங்குள்ள பழங்களிமண் அடுக்குகளில் இலைத் தடங்களும் கடல்வாழ் உயிரினங்களின் படிவங்களும் கிடைத்துள்ளன. நிலத்துச் செடியின் இலையும் கடலின் ஓடும் ஒரே படிவுத் தொகுதியில் காணப்படுகின்றன எனில், அது கரையோரமாக இருந்திருக்க வேண்டும் என்பது தெளிவு. ஆயினும் இக்கதையை விரிவாகக் கற்பதற்கு அரியலூருக்கே செல்ல வேண்டும்.

அரியலூரின் பழங்கடல்

இந்தியா, ஆப்பிரிக்கா, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா முதலியவை ஒன்றாயிருந்த கோண்டுவானாப் பெருநிலம் பிளவுற்றபோது, நம் கிழக்குக் கரை உருப்பெறத் தொடங்கியது. அப்பிளவில் காவிரிப் படுகை தாழ்ந்தது, கடல் உட்புகுந்தது. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் உள்ளே வந்த அக்கடல், முன்னேறியும் பின்வாங்கியும் பல கோடி ஆண்டுகள் அங்கே நிலைத்தது. இன்றைய கரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் மேற்கே, பெரம்பலூர் மாவட்டத்துக் காரை வரை அதன் அலைகள் எட்டின. பழைய கடினப் பாறைகளாலான நிலத்தில் அவை மோதின. அங்கே உருண்ட கற்களும் மணலும் களிமண்ணும் அக்கரையின் எச்சங்களாக இன்றும் காணப்படுகின்றன.

காரைக்கும் குளக்கநத்தத்துக்கும் இடையே மழைநீர் அரித்துப் பிளந்த களிமண் வெளி ஒன்று உண்டு. அதன் மேற்பரப்பில் ஜிப்சத் தகடுகள் வெயிலில் மின்னும். துப்பாக்கிக் குண்டு போன்ற நீண்ட கற்கள் அங்கே கிடைக்கும். அவை பெலம்னைட் என்னும், கணவாய்க்கு உறவான உயிரினத்தின் உட்கூட்டுப் பகுதிகள். ஆட்டுக்கிடாயின் கொம்புபோலச் சுருண்ட அம்மோனைட்டுகளும் உண்டு. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைத்து, இந்துப் பெருமக்களால் சாளக்கிராமம் எனப் போற்றப்படும் கற்களும் அம்மோனைட்டுகளே. கல்லக்குடி அருகே பவளமும் கடற்பாசியும் கட்டியெழுப்பிய சுண்ணாம்புத் திட்டுகள் உள்ளன. கருடமங்கலத்துச் சிப்பிக் கல் ‘திருச்சினாப்பள்ளிப் பளிங்கு’ என்ற பெயரில் அழகுப் பொருள்கள் செய்யப் பயன்பட்டது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல்லிலோ தடித்த சிப்பிகள் திட்டுத் திட்டாகக் குவிந்துள்ளன. 1940ஆம் ஆண்டு புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் சாத்தனூரில் கண்ட கல்மரம் 18 மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையது. நிலத்தில் வளர்ந்த அம்மரம் கடலுக்கு அடித்துவரப்பட்டு, அதன் வண்டலில் புதைந்து கல்லானது.

இக்கடலின் கடைசி அடுக்குகளும் பாடம் புகட்டுவனவே. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகெங்கும் நேர்ந்த பேரழிவில் அம்மோனைட்டுகள் அனைத்தும் மறைந்தன. அதற்குப் பிற்பட்ட நின்னியூர்ப் படிவுகளில் அவற்றைக் காண இயலாது. ஓர் அடுக்கில் ஒரு பொருள் இல்லாமையும் சாட்சியமே என்பதற்கு இது சான்று.

முன்னோரின் கண்

கடலற்ற இடத்தில் கடற்சிப்பியைக் கண்டோர் எல்லாக் காலத்திலும் இருந்தனர். அதனை இயற்கையின் விளையாட்டு என்று ஒதுக்காமல், முறையாக ஆராய்ந்தோர் சிலரே. அவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் அபூ ரைஹான் அல்பீரூனி. கி.பி. 973இல் குவாரிஸ்மில் பிறந்த இப்பேரறிஞர், நகரங்களின் இருப்பிடத்தைத் துல்லியமாகக் கணிப்பது குறித்து எழுதிய ‘தஹ்தீத்’ என்னும் நூலில், கடல் நிலமாவதையும் நிலம் கடலாவதையும் விவரிக்கிறார். அரபுநாட்டுப் பாலைவனம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்பதற்கு, அங்குக் கிணறு தோண்டும்போது வெளிப்படும் மண், மணல், கூழாங்கல் அடுக்குகளை அவர் சான்றாக்குகிறார். உடைத்த கற்களுக்குள் சிப்பிகளும் சோழிகளும் காணப்படுவதைக் குறிப்பிடும் அவர், சில கற்களில் உயிரினம் மறைந்து அதன் வடிவிலான வெற்றிடம் மட்டுமே எஞ்சியிருப்பதையும் தவறாமல் பதிவு செய்கிறார். இத்தகைய மாற்றங்களுக்கு மனிதர் எழுதிவைத்த வரலாற்றுக்குள் அடங்காத நெடுங்காலம் தேவை என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். அந்நீட்சி அவரை மருட்டவில்லை.

இந்தியாவைப் பற்றிய தம் பெருநூலிலும் அவர் இதே முறையைக் கையாள்கிறார். மலையடிவாரத்தில் ஆற்றுக் கற்கள் பெரியனவாகவும், தொலைவு செல்லச் செல்லச் சிறியனவாகவும், முகத்துவாரத்தில் மணலாகவும் இருப்பதைக் கண்டு, வட இந்தியச் சமவெளி முன்னர்க் கடலாயிருந்து ஆற்று வண்டலால் நிரம்பியது என்று ஊகிக்கிறார். அவர் காலத்தவரான இப்னு ஸீனா தம் ‘ஷிஃபா’ நூலில், களிமண் இறுகிக் கல்லாவதையும் மலைகள் உருவாவதையும் விளக்கி, மலைக்கற்களில் கடலுயிர்கள் காணப்படுவதற்கு அங்கே முன்னர் நீர் இருந்ததே காரணம் என்றார். அப்பகுதி இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பாவில் நெடுங்காலம் அரிஸ்டாட்டிலின் எழுத்தாகவே கருதப்பட்டு வந்தது. உரியவர் பெயர் அறுந்துபோனால் ஒரு செய்திக்கு என்ன நேரும் என்பதற்கு இதுவே போதிய எடுத்துக்காட்டாகும்.

அடுக்கே இஸ்னாத்

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு ஒரு செய்தியின் இரு பகுதிகள் நன்கு தெரியும். சொல்லப்பட்ட வாசகம் மத்ன். அதனை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்த அறிவிப்பாளர் தொடர் இஸ்னாத். வாசகம் எவ்வளவு அழகாக இருப்பினும், யாரிடமிருந்து கேட்டாய் என்ற வினாவுக்கு விடை இல்லையெனில் அறிஞர் அதனைச் சான்றாக ஏற்கமாட்டார்.

புதைபடிவத்துக்கும் இவ்விரண்டும் உண்டு. கையில் உள்ள கல் மத்ன். அது எந்த ஊரில், எந்த அடுக்கில், எவற்றோடு சேர்ந்து, யாரால் எடுக்கப்பட்டது என்னும் விவரமே அதன் இஸ்னாத். கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது என்ற எளிய விதியின் மேல்தான் காலவரிசை முழுவதும் எழுப்பப்பட்டுள்ளது. 1840களில் கேய், கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் சேகரித்த படிவங்களை, 1846இல் இலண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் விவரித்து வெளியிட்டார். பின்னர் ஹென்றி பிளான்ஃபோர்டு நிலத்தை நேரில் அளந்து, 1862இல் இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வரிசைப்படுத்தினார். 1874இல் லடாக்கில் இளவயதிலேயே உயிர்நீத்த ஸ்டோலிச்கா, தம் இறுதி ஆண்டுகளில் இப்பகுதிப் படிவங்களைத் தொகுதி தொகுதியாக விவரித்தார். ஒவ்வொரு கல்லுக்கும் ஊர்ப்பெயர் பதிவாகியிருந்தமையால்தான் அவ்வுழைப்பு இன்றும் பயன்படுகிறது.

மெருகேற்றிக் கடையில் விற்கப்படும் அம்மோனைட் கண்ணுக்கு இனியது. ஆனால் தொடர் அறுந்த செய்தியைப் போல அதனைக் கொண்டு எதையும் நிறுவ இயலாது. ஒப்புமைக்கும் ஓர் எல்லை உண்டு: அறிவிப்பாளர் மறக்கலாம், பொய்யுரைக்கலாம், கல் அவ்விரண்டையும் செய்வதில்லை. பிழை நேர்வது அதனை வாசிப்பவரிடத்தே.

நிலைத்த எலும்பும் கரைந்த எலும்பும்

அவ்வாசிப்பின் சிக்கலை இரு நிகழ்ச்சிகள் உணர்த்தும். 1979இல் அரியலூர் வட்டாரத்து எலும்புகள் சிலவற்றை ஆராய்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகியோர், முதுகில் தகடுகளையுடைய டைனோசருக்கு உரியவை அவை எனக் கருதித் திராவிடோசாரஸ் என்று பெயரிட்டனர். 1996இல் வேறு ஆய்வாளர்கள் அவை கடல் ஊர்வனவற்றின் எலும்புகள் என மறுத்தனர். எலும்புகள் பாதுகாக்கப்பட்டிருந்தமையால் மறு ஆய்வும் விவாதமும் இயன்றன.

மற்றொன்றின் நிலை வேறு. கடல் பின்வாங்கியபின் ஆறுகள் படிவித்த கல்லமேடு அடுக்கிலிருந்து கிடைத்த மாபெரும் எலும்புகளை, அவ்விருவரே 1987இல் புருஹத்காயோசாரஸ் எனப் பெயரிட்டு விவரித்தனர். உலகில் நடமாடிய மிகப்பெரிய நிலவாழ் உயிரினங்களுள் ஒன்றாக அது இருந்திருக்கக்கூடும் என்று சிலர் மதிப்பிடுகின்றனர். ஆனால் ஈரமும் நொய்ம்மையும் சேர்ந்து அவ்வெலும்புகள் சிதைந்து அழிந்தன. இன்று எஞ்சியிருப்பவை வரைபடங்களும் சில நிழற்படங்களுமே. உலகமே வியக்கத்தக்க ஒரு கூற்று, மூலச் சாட்சி இன்மையால் ஐயத்துக்குரியதாக நிற்கிறது.

மறுபுறம், சான்று தேடாமலே செய்தி பரப்புவோரும் உளர். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் வெளிப்பட்ட உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் எனப் பரவலாகப் பேசப்பட்டன. அவை அம்மோனைட் காலத்துக் கடற்படிவுகள் என்றே அறிந்தோர் விளக்கினர்.

நம் சுவரிலும் அக்கடல்

இச்சாட்சியங்களுக்கு நேரும் பேரிழப்பில் நமக்கும் பங்குண்டு. 1939இல் டால்மியாபுரத்தில் சிமென்ட் ஆலை தொடங்கியது முதல், இப்பகுதியின் சுண்ணாம்புக் கல் இடைவிடாது வெட்டப்பட்டு வருகிறது. சிமென்டுக்கு ஏற்ற சுண்ணாம்பைத் தந்தவை அக்கடலின் சிப்பிகளும் பவளங்களுமே. தமிழகத்தில் எழும் கட்டடங்களில் எத்தனையோ அப்பழங்கடலின் துகள்களைத் தாங்கி நிற்கின்றன. சுரங்கத்தை முற்றாகப் பழிப்பதும் நேர்மையாகாது. ஆழத்து அடுக்குகளை ஆய்வாளருக்குத் திறந்து காட்டியவையும் அதே சுரங்கச் சுவர்கள்தாம். வெட்டுவதற்கு முன் பதிவு செய்கிறோமா என்பதே வினா. பதிவின்றி உடைக்கப்படும் அடுக்கு, ஒரே ஒரு பிரதியுள்ள சுவடியை அடுப்பிலிடுவதற்கு ஒப்பாகும்.

பொதுமக்கள் செய்யக்கூடியவை எளியனவே. அங்குச் செல்வோர் கல்லைப் பெயர்த்து எடுத்துவராமல், அளவுகோலோ நாணயமோ அருகில் வைத்துப் படமெடுக்கலாம். ஊர், நாள், அடுக்கின் நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம். புதுமையாகத் தோன்றுவதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ அருகிலுள்ள கல்லூரியின் புவியியல் துறைக்கோ தெரிவிக்கலாம். அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் அரசு அமைத்துள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். அவ்வளவு தூரம் செல்ல இயலாதோர்க்கு, 1851இல் தொடங்கப்பெற்ற எழும்பூர் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் முதற்சேகரிப்பே கற்களும் கனிமங்களும்தாம்.

நம் கல்விக்கூடங்களில் அல்பீரூனியின் பெயரைப் பெருமையுடன் உச்சரிக்கிறோம். அவர் கற்றுத்தந்தது, கிணற்றின் சுவரைக் கண்டால் நின்று, அடுக்கை எண்ணி, கல்லை உடைத்து, கண்டதைக் கண்டவாறே எழுதும் பழக்கத்தை. அப்பழக்கத்தைப் பயில அரியலூரைவிட ஏற்ற களம் தமிழகத்தில் அரிது. அங்கே ஏடுகள் இன்னும் திறந்தே கிடக்கின்றன. ஆயினும் ஒவ்வொரு நாளும் சில பக்கங்கள் குறைந்துகொண்டே வருகின்றன.