ஹேக்கில் கம்பெனிக்குக் கூண்டு இல்லை

பெரிய கம்பெனியோ வங்கியோ அநியாயம் செய்தால் 'சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுக்கணும்' என்கிறோம். நெதர்லாந்தின் ஹேக் நகரில் அப்படி இரண்டு நீதிமன்றங்கள் இருப்பது உண்மைதான். ஆனால் ஒன்றில் வழக்காடுவது நாடுகள் மட்டும். இன்னொன்று இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்றவற்றுக்காகத் தனிமனிதர்களை விசாரிப்பது. கம்பெனி நாடும் இல்லை, மனிதரும் இல்லை. இரண்டு இடத்திலும் அதன் மேல் வழக்குப் போட வழியில்லை. 1998-ல் ரோமில் இரண்டாவது நீதிமன்றத்துக்கான உடன்படிக்கை தயாரானபோது, கம்பெனிகளையும் சேர்க்கலாம் என்று பிரான்ஸ் கேட்டுப் பார்த்தது. மற்ற நாடுகளிடையே ஒத்த கருத்து வரவில்லை.

அப்படியானால் பாதிக்கப்பட்டவர் எங்கே போவார்? ஏதாவது ஒரு நாட்டின் சாதாரண கோர்ட்டுக்குத்தான். குஜராத்தின் முந்த்ரா மீனவர்கள் போன வழியில் நாமும் கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம்.

அங்கே கட்ச் வளைகுடாக் கரையில் டாடா பவரின் அனல்மின் நிலையம் இருக்கிறது. அதற்கு 2008-ல் 45 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம். சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும் என்பது கடன் நிபந்தனை. நிலையம் கடலில் விடும் வெந்நீரால் மீன்பாடு போச்சு, காயவைத்த மீனில் நிலக்கரித் தூசு படிகிறது என்றார்கள் மீனவர்கள். கழகத்தின் சொந்தக் குறைதீர்ப்பு அலுவலகமே 2013-ல் கழகத்தின் மேற்பார்வையில் குறை கண்டது. 2015-ல் மீனவர்கள் கழகத்தின் தலைமையகம் இருக்கும் வாஷிங்டனிலேயே வழக்குப் போட்டார்கள்.

'எங்கள் மேல் வழக்கே போட முடியாது' என்றது கழகம். 1945-ம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், அயல்நாட்டு அரசுகளுக்கு உள்ள அதே சட்ட விலக்கைச் சர்வதேச அமைப்புகளுக்கும் தருகிறது. மாப்பிள்ளைக்கு என்ன உபசாரமோ அதேதான் மாப்பிள்ளைத் தோழனுக்கும் என்பது மாதிரி. 1976-ல் மாப்பிள்ளையின் உபசாரமே குறைந்துவிட்டது: அரசுகளின் வியாபாரத்துக்கு விலக்கு இல்லை என்று புதுச் சட்டம் வந்தது. தோழனுக்கு மட்டும் பழைய விருந்து தொடருமா? தொடராது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம், 2019 பிப்ரவரியில், 7-க்கு 1 என்ற கணக்கில்.

மீனவர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று பலர் நினைத்தது அப்போதுதான். முழு விலக்கு கிடையாது என்பது வரைதான் அந்தத் தீர்ப்பு. வியாபாரத்துக்கு அமெரிக்காவோடு தொடர்பு இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே நின்றது. வழக்கின் மையம் இந்தியாவில் நடந்த செயல் என்று சொல்லிக் கீழ்க் கோர்ட்டுகள் தள்ளுபடி செய்தன. கடன் தரும் முடிவு வாஷிங்டனில்தானே எடுக்கப்பட்டது என்பது மீனவர்கள் வாதம். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. 2022-ல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. மீன் குறைந்ததற்கு யார் பொறுப்பு, நஷ்டம் எவ்வளவு என்பதை எந்த அமெரிக்க நீதிபதியும் கடைசிவரை விசாரிக்கவே இல்லை.