‘மைக்’கைப் பார்த்தாலே நடுக்கமா?

அலுவலகத்தில் ஒருவருக்குப் பிரிவு உபசார விழா. மாலை, சால்வை எல்லாம் முடிந்தது. “இப்போ நம்ம சார் நாலு வார்த்தை பேசுவார்” என்று திடீரென்று உங்களைக் கை காட்டுகிறார்கள்.

அவ்வளவுதான்! நெஞ்சு ‘திக்... திக்...’ என்று அடித்துக் கொள்கிறது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கொள்கிறது. உள்ளங்கை ஜில்லிட்டு வியர்க்கிறது. இந்த நேரம் பார்த்து பாத்ரூம் வேறு வருகிறது. “ஐயோ, ஆளை விடுங்க” என்று பின்வரிசைக்கு நழுவி விடுகிறீர்கள்.

விழாவோடு போனால் பரவாயில்லை. மீட்டிங்கில் பேச வேண்டியிருக்குமே என்று பதவி உயர்வையே வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. விடை தெரிந்தும் கை தூக்காத மாணவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைக்காகக் கேட்க வேண்டியதைக் கேட்காமலே வந்து, “கேக்கணும்னுதாங்க நெனச்சேன்...” என்று கணவரிடம் புலம்புகிற அம்மாக்களும் உண்டு.

‘எனக்கு மட்டும்தான் இப்படி’ என்று நினைக்கிறீர்களா? காந்திஜியின் கதையைக் கேளுங்கள்!

லண்டனில் சட்டம் படித்தபோது அவர் சைவ உணவுக்காரர்களின் சங்கத்தில் நிர்வாகக் குழு உறுப்பினர். கூட்டத்துக்குப் போவார், வாய் மட்டும் திறக்க மாட்டார். ஒருமுறை கருத்தை எழுதியே எடுத்துப் போனார். அதைப் படிக்கவும் தைரியம் வரவில்லை. வேறொருவர்தான் படித்தார். 1891ல் ஊர் திரும்பும் முன்பு நண்பர்களுக்கு விருந்து கொடுத்தார். சிரிக்கச் சிரிக்கப் பேச வேண்டும் என்று மனப்பாடம் செய்து கொண்டு போனவர், ஒற்றை வாக்கியத்தில் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்து விட்டார். பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதல் வழக்கு. குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். தலை சுற்றியது. ஒரு கேள்விகூட வரவில்லை. கொடுத்த 30 ரூபாய் ஃபீஸைத் திரும்ப வாங்கிக் கொள்ளச் சொல்லிவிட்டு, கோர்ட்டை விட்டே வெளியேறினார்.

அதே மனிதர் 1893ல் தென் ஆப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில், இந்திய வியாபாரிகள் கூட்டத்தில் எழுந்து பேசினார்! வியாபாரத்தில் உண்மையாக நடப்பது பற்றிய பேச்சு. அதுதான் தன் முதல் மேடைப் பேச்சு என்று ‘சத்திய சோதனை’யில் அவரே சொல்கிறார். நடுவில் என்ன நடந்தது? மந்திரமும் இல்லை, மாத்திரையும் இல்லை. பேச வேண்டிய விஷயம் அவருக்கு முக்கியமாக இருந்தது. அதை நன்றாக யோசித்து வைத்துக் கொண்டு போனார். அதற்குப் பிறகும் அந்தக் கூட்டங்கள் அடிக்கடி நடந்தன. இத்தனைக்கும் கூச்சம் கடைசிவரை தன்னை முழுசாக விட்டுப் போகவில்லை என்கிறார். இதுதான் நமக்கு ஆறுதல். பயம் அடியோடு போன பிறகுதான் பேசுவேன் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது? சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. எதிரே புலி நின்றால் ஓடவோ, சண்டை போடவோ செய்கிற ஏற்பாடு இது. இதயம் வேகமெடுக்கிறது. ரத்தம் பெரிய தசைகளுக்குத் திருப்பி விடப்படுவதால் விரல்கள் சில்லிடுகின்றன. எச்சில் வற்றுகிறது. ஐம்பது ஜோடிக் கண்கள் நம்மையே பார்ப்பதை மூளை புலியாக எடுத்துக் கொள்கிறது, பாவம்!

நல்ல செய்தி என்னவென்றால், இந்தப் படபடப்பு பெரும்பாலும் பேச்சுக்குச் சற்று முன்பும் முதல் ஓரிரு நிமிடங்களிலும்தான் உச்சத்தில் இருக்கும். நின்று விட்டால் தானாக இறங்கும். ஓடிவிட்டாலோ, உடனே ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், அதுதான் வில்லன். ‘ஓடியதால் பிழைத்தோம்’ என்று மூளை பாடம் படித்துக் கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் கூடுகிறது.

இன்னொன்று. உங்கள் நடுக்கம் ஊருக்கே தெரிவதாக நினைக்கிறீர்களே, அவ்வளவெல்லாம் தெரிவதில்லை. அமெரிக்காவில் சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற உளவியலாளர்கள் 2003ல் வெளியிட்ட ஆய்வில், இந்த உண்மையை முன்கூட்டியே எடுத்துச் சொன்னதுமே பேச வந்தவர்கள் இன்னும் நன்றாகப் பேசினார்கள்.

எப்படி ஆரம்பிப்பது? எடுத்த எடுப்பில் மேடை வேண்டாம். இந்த மாதம் பெற்றோர் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி. அடுத்து குடியிருப்போர் சங்கத்தில் நன்றியுரை. அப்புறம் ஐந்து நிமிடப் பேச்சு. ஒவ்வொரு படியிலும் பயம் தணிகிறவரை இரண்டு, மூன்று தடவை நில்லுங்கள்.

முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு வார்த்தை மறந்தால் மொத்தச் சீட்டுக்கட்டும் சரிந்து விடும். முதல் இரண்டு வாக்கியம் மட்டும் தூக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும். மற்றதற்கு ஒரு துண்டுச் சீட்டில் குறிப்பு போதும். மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. எழுந்து நின்று, சத்தமாக, வீட்டில் யாரையாவது உட்கார வைத்துப் பேசிப் பாருங்கள். அன்றைக்குக் காபியைக் குறையுங்கள். படபடப்பை அது ஏற்றி விடும். மேடை ஏறுமுன் மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக விடுங்கள். நாலைந்து தடவை போதும்.

‘எதிரே இருக்கிறவங்க எல்லாம் முட்டாள்னு நெனச்சுக்கோ’ என்று ஒரு யோசனை சொல்வார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. முட்டாள்களிடம் எதற்குப் பேச வேண்டும்? தலையாட்டிக் கேட்கிற இரண்டு, மூன்று முகங்களைப் பிடித்துக் கொள்ளுங்கள். அவர்களிடம் பேசுங்கள்.

சிலர் ‘தைரியத்துக்கு’ ஒரு ரவுண்டு போட்டுவிட்டு வருகிறார்கள். வேண்டவே வேண்டாம். ப்ரொப்ரனலால் என்ற மாத்திரை நடுக்கத்தைக் குறைக்கும் என்று கேள்விப்பட்டு, தாங்களே வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். நாலு பேர் முன்னால் சாப்பிடவோ, கையெழுத்துப் போடவோகூட பயந்து, மாதக்கணக்கில் வேலையும் படிப்பும் கெடுகிறதென்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதையும் கவனியுங்கள். விருந்தாளி வந்ததும் “அங்கிளுக்கு ரைம்ஸ் சொல்லு” என்று இழுத்து நிறுத்தி, திக்கினால் எல்லோரும் சேர்ந்து சிரிக்கிறோம். அதற்குப் பதில், ஸ்கூலில் இன்று என்ன நடந்தது என்று தினமும் பாட்டியிடம் சொல்லச் சொல்லுங்கள். முடிக்கிறவரை யாரும் குறுக்கே பேச வேண்டாம். டி.வி.யையும் அணைத்து விடுங்கள்.